மலையேறிய ராமர் பாலம்

1

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் ஊர்ப் பாலத்தைத் திரும்பவும் திறந்துவிட்டார்கள். முதல் நாள் காலை வேலைக்குப் போகும் வழியில் நான் அதன் நுழைவில் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று, "ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று அன்பாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இங்கிலாந்தின் வடக்கில், மழை தூறிக்கொண்டிருக்கும் ஒரு காலையில், நடைபாலம் ஒன்றைக் கடப்பதற்காக நான் வெறுங்காலாகிக்கொண்டிருக்கிறேன்!

"இல்லை, கல் குத்துகிறது" என்று பொய் சொல்லிச் சமாளித்தேன். பக்கத்தில் பள்ளிக்கூடப் பையோடு நின்ற என் மகள் ஆரணி, என்னைத் தெரியாதவள் மாதிரி ஆற்றைப் பார்த்தாள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அம்மாவைத் தெரியாத மாதிரி நிற்பது பெரிய வேலையில்லை.

"எங்கள் ஊர்" என்று எழுதியதும் நீங்கள் நான் பிறந்த இலங்கை மலைநாட்டு இராகலையை நினைத்திருப்பீர்கள். நானும் அதைத்தான் நினைப்பேன். ஆனால் இங்கே வந்து இவ்வளவு காலமான பிறகு இந்த ஆற்றங்கரை ஊரையும் அப்படிச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன். இங்குள்ள வைத்தியசாலைச் சமையலறையில் எனக்கு வேலை. வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், வைத்தியசாலை அந்தப் பக்கம். நடுவில் இந்தப் பாலம்.

இது ஒரு காலத்தில் டிராம் பாலம். அந்தக் காலத்து டிராம் என்றால் குதிரை இழுக்கிற வண்டி. ஆற்றுக்கு இருபுறமும் கால்வாய் வெட்டியவர்களுக்கு இரண்டையும் இணைக்கக் காசு போதவில்லையாம். அதனால் ஒரு கால்வாயில் வந்த நிலக்கரியைத் தண்டவாளத்தில் ஏற்றி, ஆற்றைக் கடத்தி, அடுத்த கால்வாயில் இறக்கினார்கள். பிறகு ரயில் வந்தது, குதிரைகளுக்கு வேலை போனது, தண்டவாளத்தைக் கழற்றினார்கள். பாலம் மட்டும் நடக்கிறவர்களுக்கு என்று மிஞ்சியது. அதுவும் பழுதாகி, பூட்டி, இனி வராது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, இந்த ஊர்க்காரர்கள் விடாமல் நச்சரித்து அதே இடத்தில் புதிதாகக் கட்ட வைத்தார்கள். என்னோடு சமையலறையில் வேலை செய்யும் ஜேனட் கையெழுத்து வாங்க வந்தபோது நானும் போட்டேன். இந்த நாட்டில் எனக்காக இல்லாமல் ஊருக்காக நான் போட்ட முதல் கையெழுத்து அது.

2

சப்பாத்து ஏன் கழன்றது என்று சொல்கிறேன்.

இராகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவுகள். நடுவில் ஓர் ஓயா, அதாவது சிற்றாறு, ஓடுகிறது. வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயங்களில் பாதி மேல்கணக்கில், பாடசாலையும் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையும் பஸ் நிற்கிற இடமும் கீழ்க்கணக்கில். இரண்டையும் சேர்ப்பது ஓர் இரும்புப் பாலம். கீழே இரும்பு, மேலே பலகை. ஆள் நடக்கலாம், கொழுந்துச் சாக்கோடு நடக்கலாம், மாட்டைக் கூட்டிக்கொண்டு நடப்பது மாட்டின் விருப்பம்.

அதன் பெயர் ராமர் பாலம். சீதையைத் தேடி ராமர் நுவரெலியாப் பக்கம் வந்தாரல்லவா, அப்போது எங்கள் ஓயாவைக் கடந்த இடம். சீதாஎலியவில் சீதைக்குக் கோவிலே இருக்கும்போது இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ராமர் காலத்தில் நட்டும் போல்ட்டும் இருந்தனவா என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. பாலத்தின் தலைமாட்டில் ஒரு கல், கல்லுக்குக் குங்குமம், ஆடியில் ஒரு மாலை. பாலத்தில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் பாசி பிடித்த பலகையில் வெறுங்கால்தான் நன்றாகப் பிடிக்கும் என்பதால் ராமரும் எங்களைப் பத்திரமாகவே வைத்திருந்தார்.

பாலத்திலிருந்து ஸ்டோருக்குப் போகிற பாதைக்கும் அவர் பெயர்தான். ராமரோட்டு என்போம்.

எங்கள் அப்பா இறந்தபோது சரோஜா அக்கா ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். நான் சின்னவள். அடுத்த மாதத்திலிருந்து காலையில் இருவரும் ஒன்றாக அந்தப் பாலத்தைக் கடந்தோம். நான் பள்ளிக்கு, அவள் பெரட்டுக்கு. காலையில் வேலைக்காரர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுகிற இடத்தைத்தான் பெரட்டு என்போம். என் வெள்ளைச் சப்பாத்து நனையாமல் அவள்தான் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். அக்கரையில் ஒரு கல்லில் என்னை உட்கார வைத்து, முந்தானையால் காலைத் துடைத்து, மாட்டிவிட்டுப் போவாள். நான் படித்ததும், கொழும்புக்கு வேலைக்குப் போனதும், இங்கே வந்ததும் எல்லாம் அந்தக் கைகளால்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

கலியாணமான புதிதில் இந்தக் கதையை என் கணவரிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணம். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னப்பா, ராமர் பாலம் மன்னாரில எல்லோ கிடக்குது? அது எப்ப மலையேறினது?"

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

3

போன வருட மழையில் எங்கள் ராமர் பாலத்தின் பலகைகள் நடுவில் பெயர்ந்து போயின. தகரத்தை வைத்து அடைத்துவிட்டார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தாலே அந்தப் பேச்சுத்தான். அவள் இப்போது பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்.

"மேக்கணக்குப் புள்ளைங்க ரோட்டைச் சுத்திக்கிட்டு வரணும் மலரு. பெரிய புள்ளைங்க வந்துரும். சின்னதுங்க என்னா பண்ணும்? பாதிப் பேரு ஸ்கூலுக்கே வர்றதில்ல. 'அடுத்த மாசம் பாப்போம், அடுத்த மாசம் பாப்போம்'னு அப்படியே நின்னுருதுங்க. நின்ன புள்ள திரும்பப் போகுமா சொல்லு?"

நின்ற பிள்ளை அவள்தான்.

தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனால் பாலம் தோட்டத்துக்குச் சொந்தமில்லை, எப்போதோ கொடுத்தாகிவிட்டது என்றார். யாரிடம் கொடுத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சரி, அரசாங்கத்திடம் கேட்போம் என்று அக்காவும் தோட்டத் தலைவரும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, 'எங்கள் ராமர் பாலத்தைத் திருத்தித் தாருங்கள்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அரசாங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். தேநீர்கூட வாங்கிக் கொடுத்தாராம். வாசித்துவிட்டுக் குழம்பிப்போய்க் கேட்டிருக்கிறார்:

"ராமர் பாலம? ஏக்க மன்னாரமே நேத?"

அது மன்னாரில் அல்லவா இருக்கிறது என்று!

அக்கா இதைச் சொன்னபோது என் கணவர் சோபாவில் இருந்து எழும்பி உள்ளே போய்விட்டார். சிரிப்பை அடக்கத்தான் போனார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பெயரில் இந்த மாவட்டத்தில் எந்தப் பாலமும் இல்லை என்று பதில் வந்தது. அதற்கடுத்த வாரம் பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் வந்து பாலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

"யாருக்கும் சொந்தமில்லேன்னா எவன் வேணாலும் கழட்டிக்கிட்டுப் போவான் பாரு," என்றாள்.

4

பெயர் பிழையானால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு மாதிரி, பாடசாலைச் சான்றிதழில் வேறு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி. இங்கே வந்து குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து வைத்தியசாலையில் எல்லோரும் என்னை "மிசிஸ் கருப்பையா" என்று கூப்பிடுகிறார்கள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அம்மாவைத் தேடியிருப்பார்.

கோபம் வராமலில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு கவுண்டரில் இருந்த பெண், என் மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று மேலிடத்தில் அவளே பேசி, அன்றைக்கே முடித்துத் தந்தாள். அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன். இன்றும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவளுக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன். சாமிக்கு ஆளை அடையாளம் தெரியும்.

ஆரணியின் தமிழ் வேறொரு கதை. நான் பேசுவது மலைநாட்டுத் தமிழ், அவள் அப்பா பேசுவது யாழ்ப்பாணத் தமிழ், அவள் இரண்டிலிருந்தும் வேண்டியதை எடுத்து மிச்சத்தை ஆங்கிலத்தால் ஒட்டிக்கொள்கிறாள். மரியாதை விகுதி மட்டும் அவளுக்கு ஏறவே இல்லை. ஒருமுறை கோவிலில், அத்தனை பேர் மத்தியில், "அம்மா, ஐயர் வந்துட்டான், தட்டை நீட்டு" என்றாள். ஐயர் பெருந்தன்மையோடு காது கேளாதவர் மாதிரி நின்றார். வீட்டுக்கு வந்து 'வந்துட்டாரு' என்று சொல்லச் சொல்லி அவள் தலையில் அடிக்காத குறை. "ஒரு ஆள் வர்றதுக்கு இத்தனை வேர்ட் எதுக்கும்மா?" என்றாள். அன்றைக்கு அவளை நான் தொலைத்துக்கொண்டிருக்கிறேனோ என்று உண்மையாகவே பயந்தேன்.

5

இங்கே பாலம் திறந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் வந்தாள். வழக்கம்போல ஆரணி "ஹாய் பெரியம்மா" என்று தலையைக் காட்டிவிட்டு ஓடப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வேறு பேச்சில்லாமல் அவளும் என்னைப் போட்டுக் கொடுத்தாள்.

"பெரியம்மா, அம்மா என்ன செஞ்சா தெரியுமா? எங்க ட்ராம் பாலத்துல சப்பாத்தைக் கழட்டினா."

"எந்தப் பாலத்துல?"

"ட்ராம் பாலம்."

இரைச்சலில் அக்காவுக்கு முன்னெழுத்து விழவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"ராம் பாலமா? அடி ஆத்தி, உங்க ஊருலயும் ராமர் பாலம் இருக்கா?"

"ராமர் இல்ல பெரியம்மா! ட்ராம்! ட்ராம்!" ஆரணி சிரித்துக்கொண்டே, "குதிரை இழுக்கும். ரெயில் மாதிரி, குட்டி ரெயில். அது போற பாலம்," என்றாள்.

எனக்கு எங்கள் தோட்டத்துப் பாலம் கண்முன் வந்து நின்றது. சின்ன வயதில் ராமர் பாலத்துப் பலகைகளின் இடுக்கில் விரலை விட்டால் இரும்பு தட்டுப்படும். பாலத்தின் நீளத்துக்கும் இரண்டு கோடுகளாகப் போகும். ராமருடைய வில்லும் அம்பும் என்று தோழிகளோடு பேசிக்கொள்வோம்.

"அக்கா," என்றேன், "இராகலைக்கு முந்தி ஒரு சின்ன ரயில் வந்துச்சுன்னு அப்பா சொல்லுவாருல்ல. நம்ம ஸ்டோருலேருந்து தேயிலைப் பெட்டி அந்த ரயிலுக்கு எப்படிப் போயிருக்கும்?"

அக்கா திடீரென்று தொடையில் தட்டினாள்.

"அடியே மலரு! ராமரோட்டுல ஒரு படி இருக்காடி?"

இல்லை. தோட்டத்தில் எந்தப் பாதையும் படிதான், ஏற்றந்தான். பாடசாலைக்குப் படி, கோவிலுக்குப் படி, தண்ணீர்க் குழாய்க்குப் படி. ராமரோட்டு மட்டும் மலையை அணைத்தபடி ஏறாமல் இறங்காமல் போகும். நிறைமாதப் பெண்களைக்கூட அந்த வழியில்தான் கூட்டிப் போவார்கள்.

"வண்டி தள்ளுறதுக்குல்ல வெட்டியிருக்கான்! டிராம் ரோட்டுடி அது! ராமரு நடந்து வந்திருந்தா எதுக்கு மட்டம் பாத்து வெட்டப் போறாரு?"

பரேட் எங்கள் வாயில் பெரட்டானது. கண்டக்டர் கண்டாக்கானார். டிராம் மட்டும் தப்புமா? முன்னெழுத்தை உதிர்த்துவிட்டு, பின்னால் ஒரு மரியாதையைச் சேர்த்து, எங்கள் ஆட்கள் அதைக் கும்பிடவும் தொடங்கிவிட்டார்கள். ஆரணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிய அரைமணி நேரம் ஆனது. புரிந்ததும் அப்பாவைக் கூப்பிடப் படியில் ஓடினாள்.

6

புதுக் கடுதாசி எழுதுவதில்தான் சிக்கல். தலைவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நாலைந்து லயத்துக்காரர்களும் அவர் பக்கம். ராமர் பெயரை எடுத்துவிட்டு டிராம் என்று எழுதினால் சாமி குற்றம் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அத்தனை காலம் அத்தனை பேரை ஆற்றில் விழாமல் கூட்டிப் போன பெயர் அது.

பாலத்துக் கல்லடியில் கூட்டம் போட்டார்களாம். அக்கா எழுந்து கேட்டதை அவளே எனக்குச் சொன்னாள்:

"தலைவரே, ராமரு கடலையே தாண்டினவரு. அவரு பேருக்கு முன்னாடி ஒரு 'டி' வந்து நின்னா கோவிச்சுக்கவா போறாரு? கடுதாசியில டிராமா இருக்கட்டும். வாயில ராமராவே இருக்கட்டும். புள்ளைங்க போகணும், அதாங்க வேணும்."

தலைவர் கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்தாராம், கல் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

அதே உத்தியோகத்தர். இந்தமுறை வாசித்ததும் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார். "ட்ரேம் பாலமத? ஏக்க அபே நே!" அது எங்களுடையதல்லவா என்று அவரே சொன்னார். டிராம் ஓடுவது நின்றபோது அந்தப் பாதையையும் பாலத்தையும் பொதுப்பாதையாகத் தோட்டம் விட்டுக் கொடுத்திருக்கிறது. அவர்களிடம் பாலத்தின் பெயர் இருந்தது, எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. எங்களிடம் பாலம் இருந்தது, பெயர்தான் வேறாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே பாலத்தை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் தேடியிருக்கிறோம்.

இரும்பு இன்னும் திடமாகத்தான் இருக்கிறதாம். பலகைக்குப் பதிலாகத் தகடு போட்டார்கள், பக்கத்தில் கைப்பிடியும் வைத்தார்கள். திறந்த நாளில் அக்கா வீடியோவில் காட்டினாள். மேல்கணக்குப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், எல்லோர் கையிலும் சப்பாத்து. தகட்டில் வெறுங்கால்கள் தப்தப்பென்று விழுகிற சத்தம் இங்கே எங்கள் சமையலறை வரைக்கும் கேட்டது. மேற்பார்வைக்கு வந்த அந்த உத்தியோகத்தர் பிள்ளைகளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பிறகு ஓரமாக உட்கார்ந்து தன் சப்பாத்தையும் கழற்றினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"பாத்தியா மலரு, ஒண்ணாங்கிளாஸ் புள்ளைகூட வந்துருச்சு," என்று சொல்லிவிட்டு அக்கா அழுதாள். நானும் அழுதேன். ஒன்பதாம் வகுப்போடு அந்தப் பாலத்தில் நின்றுபோனவள், இன்றைக்கு அதே பாலத்தில் அத்தனை பிள்ளைகளைக் கடத்திவிட்டாள். என் அக்கா அவள். எனக்கு இதைவிட வேறு பெருமை வேண்டாம்.

7

நேற்று ஆரணிக்குக் குளிர் அங்கி வாங்கப் பக்கத்து நகரத்துக்குப் போனோம். அங்கே இப்போதும் டிராம் ஓடுகிறது, மின்சாரத்தில். கடையில் நான் வழக்கம்போல விலையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துத் தாமதமாக்கிவிட்டேன். அவள் எனக்கு முன்னால் நடந்து தரிப்பிடத்துக்குப் போய்விட்டாள். நான் இரண்டு கையிலும் பைகளோடு வீதியின் மறுபக்கம் நின்றேன். நடுவில் ஒரே சனம்.

வளைவில் மணியடித்துக்கொண்டு மஞ்சள் வண்டி திரும்பியது. என் மகள் எட்டிப் பார்த்தாள். பிறகு அந்தக் கூட்டத்தின் நடுவில், கொஞ்சமும் வெட்கப்படாமல், எங்கள் தோட்டத்துக்கு வெளியே உலகத்தில் ஒருவருக்கும் விளங்காத ஒரு சொல்லால் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா! ராமர் வர்றாரு! ஓடி வாங்க!"

ஐயருக்குக் கிடைக்காத 'ரு' அது. நான் ஓடினேன்.